ரிப்பேர் பழகிய நாடு: டிராபன்ட் காரும் அதைப் பேணியவர்களும்

கிழக்கு ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ட்ஸ்விக்காவ் நகரத்தில் 1957 முதல் 1991 வரை தயாரான சிறிய கார் டிராபன்ட். மொத்தம் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அந்த ஆலையிலிருந்து வெளியே வந்தன. இரண்டு சிலிண்டர், காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், நான்கு கியர், சுமார் 600 கிலோ எடை. சொகுசு, வேகம், அழகு என்று எதை வைத்துப் பார்த்தாலும் ஜெர்மன் கார்களின் வரிசையில் கடைசிப் படியில் நிற்கும் வண்டி இது. ஆனால் சொந்த வண்டியைச் சொந்தக்காரரே பிரித்துப் பூட்டுவது, அதற்கு அக்கம்பக்கத்தாரின் கையையும் கருவியையும் கடன் வாங்குவது என்ற வழக்கம் ஜெர்மனியில் இந்த வண்டியைச் சுற்றி வேரூன்றியதுபோல் வேறெந்தக் காரைச் சுற்றியும் வேரூன்றவில்லை. இன்று பழைய கார் பிரியர்கள் பொழுதுபோக்காகச் செய்வதை அந்நாட்டு மக்கள் ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் செய்தார்கள்.

ட்ஸ்விக்காவுக்குக் கார் புதிதல்ல. அவுகுஸ்ட் ஹார்ஷ் 1904இல் அங்கே தன் கார் ஆலையை நிறுவினார். பிறகு அதை விட்டு விலகி, அதே ஊரிலேயே ஆடி நிறுவனத்தைத் தொடங்கினார். 1932இல் ஆடி, ஹார்ஷ், டிகேடபிள்யூ, வாண்டரர் ஆகிய நான்கும் ஆட்டோ யூனியன் என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. ஆடி கார்களின் முகப்பில் இன்றும் இருக்கும் நான்கு வளையங்கள் அந்த இணைப்பின் அடையாளம். முன்சக்கர இயக்கமும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும் கொண்ட டிகேடபிள்யூ சிறு கார் 1931 முதல் ட்ஸ்விக்காவில்தான் தயாரானது. உலகப் போருக்குப் பின் ஊர் சோவியத் ஆளுகைக்குள் வந்தது. ஆலைகள் அரசுடைமையாயின; இயந்திரங்களில் பலவற்றைச் சோவியத் ஒன்றியம் போர் இழப்பீடாகக் கழற்றிக் கொண்டுபோனது. எஞ்சியவை தொழிலாளிகளும் டிகேடபிள்யூ காலத்துத் தொழிலறிவும்தான். டிராபன்டின் எஞ்சினும் முன்சக்கர இயக்கமும் நேரே அந்தப் பரம்பரையில் வந்தவை.

உடற்பகுதிக்கு வந்தபோதுதான் நெருக்கடி. கார் உடலுக்கு அழுத்தி வளைக்கக்கூடிய தரமான இரும்புத் தகடு கிழக்கு ஜெர்மனியிடம் போதிய அளவில் இல்லை. மேற்கிலிருந்து வாங்கவும் வழியில்லை. மாற்றாக வந்தது டூரோபிளாஸ்ட். சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த கழிவுப் பஞ்சை விரிப்பாக்கி, இடையிடையே ஃபீனால் பிசின் சேர்த்து, சூடான அச்சில் அழுத்தினால் கெட்டியான பலகை கிடைக்கும். 1955இல் பி70 என்ற காரில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாண்டு கழித்து, ரஷ்யப் புரட்சியின் 40ஆம் ஆண்டு நாளான 1957 நவம்பர் 7 அன்று முதல் டிராபன்ட் வரிசை தொடங்கியது. ஸ்புட்னிக் விண்ணுக்குப் போன அடுத்த மாதம் அது. துணைக்கோள் என்று பொருள்படும் பெயர் காருக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

பேணுபவரின் கண்ணில் இந்த வண்டி ஒரு வரம். எஞ்சினில் வால்வு கிடையாது, வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் கிடையாது. தண்ணீர் பம்ப், ரேடியேட்டர், எஞ்சின் ஆயில் தொட்டி எதுவும் கிடையாது. இரண்டு பிஸ்டன், இரண்டு கனெக்டிங் ராடு, ஒரு கிராங்க் ஷாஃப்ட்: அசையும் முக்கியப் பாகங்கள் இவ்வளவுதான். பெட்ரோல் டேங்க் பானெட்டுக்குள் எஞ்சினுக்கு மேலேயே இருப்பதால் பெட்ரோல் தானாகக் கீழே இறங்கும். அதற்கும் பம்ப் வேண்டாம். (மோதலில் இது எவ்வளவு ஆபத்து என்பது தனிக் கதை.) பல ஆண்டுகள் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளும் இருந்ததில்லை. டேங்க் மூடியைத் திறந்து அளவுகுச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் பெட்ரோல் தீர்ந்தால் டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள குழாயை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இந்த வேலைகள் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்தே ஊற்ற வேண்டும். தொடக்கத்தில் 25 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். பிறகு 33க்கு ஒன்று. 1970களில் ஊசி பேரிங்குகள் வந்தபின் 50க்கு ஒன்று. அக்காலத்துப் பெட்ரோல் நிலையங்களில் கலந்தே கிடைத்தது. எஞ்சினுக்கு வழுவழுப்புத் தருவது இந்தக் கலவை மட்டும்தான் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் நிற்கும், ஆயிலும் நிற்கும், ஆனால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். இப்படி வறண்டு சுழன்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதைத் தவிர்க்க நான்காம் கியரில் ஃப்ரீவீல் வைத்தார்கள்: காலை எடுத்ததும், மிதிப்பதை நிறுத்திய சைக்கிள்போல வண்டி தன் போக்கில் உருளும், எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். டிராபன்ட் ஓட்டத் தெரிவது என்பது பாதி இதைப் புரிந்துகொள்வதுதான். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் கையில் இந்த வண்டி நெடுநாள் உழைக்காது.

1964இல் பி601 என்ற மாதிரி வந்தது. 594 சிசி எஞ்சின், 23 குதிரைத்திறன். 1969 முதல் 26. அதற்குப் பின் பெரிய மாற்றம் எதுவும் 1980களின் இறுதிவரை வரவில்லை. ஆலைப் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1960களின் நடுவில் பி603 என்ற, பின்கதவு மேலெழும் புதிய காரைச் செய்து பார்த்தார்கள். 1968இல் ஆளும் கட்சியின் தலைமை அதை நிறுத்திவைத்தது. செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்து திட்டமிட்டவையும் அடுத்து வந்த பி610உம் அதே கதியை அடைந்தன. பொருளாதார வரலாறு எழுதுவோர் இதை ஒரு தொழிலின் தேக்கத்துக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம், அது சரியும்கூட. ஆனால் பேணுபவர்களுக்கு அந்தத் தேக்கமே கைகொடுத்தது. ஏறக்குறைய 28 லட்சம் பி601 வண்டிகள், கால் நூற்றாண்டுக்கும் மேலாக, பெரும்பாலும் ஒரே அச்சில். 1968ஆம் ஆண்டு வண்டியில் ஒருவர் கற்ற வேலை 1985ஆம் ஆண்டு வண்டிக்கும் செல்லும். மகன் வண்டியின் கோளாறு தந்தைக்குத் தெரியும்; பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஒரு டிராபன்ட் கைக்கு வரவே பெயர் பதிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு 18 வயதானதும், ஓட்டத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், ஒரு பதிவைப் போட்டுவைப்பது குடும்ப வழக்கமானது. கையில் வண்டி இருந்தால் அதை உடனே ஓட்டிப் போகலாம் என்பதால், ஓடிய வண்டி புதிய வண்டியைவிட அதிக விலைக்கு விற்றது. அப்படிப்பட்ட பொருளை யாரும் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போடமாட்டார்கள். அடிச்சட்டம் துருவேறினால் வெட்டி ஒட்டுவார்கள். எஞ்சின் போனால் எஞ்சினை மாற்றுவார்கள். பத்து, பதினைந்து, இருபது ஆண்டு என்று இழுத்துக்கொண்டு ஓடும்.

ஒர்க்‌ஷாப்புகள் போதவில்லை. இருந்தவற்றிலும் முறை வாங்கிக் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய பஞ்சம் ஸ்பேர் பாகங்களுக்கு. திட்டமிட்ட பொருளாதாரத்தில் ஆலையின் கணக்கு முழு வண்டிகளை வைத்தே பார்க்கப்பட்டது. சைலன்ஸரும் ஃபெண்டரும் அடுத்த இடத்தில்தான் வந்தன. இதைச் சமாளிக்க அரசு ஒரு முறையை வைத்திருந்தது: தேய்ந்த கிராங்க் ஷாஃப்டையோ எஞ்சினையோ கொடுத்தால், ஆலையில் புதுப்பித்த இன்னொன்றை மாற்றித் தருவார்கள். அதனால் பழைய பாகம் குப்பையல்ல, பண்டமாற்றுக்கான சரக்கு. கடையில் கிடைக்காதது கடைக்காரரின் தெரிந்தவருக்குக் கிடைக்கும். மேசைக்கு அடியிலிருந்து வரும். ஒருவரிடம் டைல்ஸ் இருக்கும், இன்னொருவரிடம் கார்புரேட்டர் இருக்கும். தேவையோ இல்லையோ, கண்ணில் பட்ட ஸ்பேரை வாங்கி வைப்பது புத்திசாலித்தனமாகக் கருதப்பட்டது. இன்று தேவைப்படாத கிளட்ச் தட்டு நாளை ஒரு ஜோடி டயராக மாறலாம்.

படித்துக் கற்கவும் வழி இருந்தது. பெர்லினில் இருந்த தொழில்நுட்பப் பதிப்பகம் 'எனக்கு நானே எப்படி உதவிக்கொள்வது' என்ற பொருள் தரும் தலைப்பில் வண்டி வாரியாகக் கையேடுகள் வெளியிட்டது. டிராபன்டுக்கும் ஒன்று உண்டு. வேறொரு பதிப்பகம் 'நான் டிராபன்ட் ஓட்டுகிறேன்' என்ற நூலைப் பல பதிப்புகள் கொண்டுவந்தது. 'டெர் டாய்ட்சே ஸ்ட்ராசென்ஃபெர்கேர்' என்ற மாத இதழும் வண்டிக்காரர்கள் தேடி வாங்கிய ஒன்று. அரசுப் பதிப்பகமே இவ்வளவு விரிவாக எஞ்சினைப் பிரிக்கச் சொல்லிக்கொடுத்தது, ஒர்க்‌ஷாப்பால் முடியாததை மக்களே பார்த்துக்கொள்ளட்டும் என்ற மறைமுக ஒப்புதல்தான்.

வேலை நடந்த இடம் கராஜ். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசித்தவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து, நகராட்சி கொடுத்த நிலத்தில் தங்கள் கையாலேயே கராஜ் வரிசைகளைக் கட்டிக்கொண்டார்கள். நிலம் அரசினுடையது, கட்டடம் கட்டியவருடையது என்று சட்டமும் அதை ஏற்றது. ஐம்பது நூறு கதவுகள் எதிரெதிரே நீளும் இந்த வரிசைகளில் ஒருவரிடம் வெல்டிங் செட் இருக்கும், ஒருவரிடம் ஃப்ளைவீல் கழற்றும் புல்லர் இருக்கும், ஒருவர் வேலை செய்யும் ஆலையில் லேத் இருக்கும். ஒருவர் வண்டி எஞ்சினை இறக்கும்போது பக்கத்துக் கதவுக்காரர் ஒரு கை பிடிப்பார். எடை குறைந்த எஞ்சின் என்பதால் இரண்டு பேர் போதும், கப்பி சங்கிலி தேவையில்லை. கட்சியும் அரசும் கண்வைக்காத இடங்கள் குறைவாக இருந்த நாட்டில், கராஜ் வரிசை ஓரளவு அப்படிப்பட்ட இடமாகவும் இருந்தது.

அங்கே நடந்த வேலைகளில் அடிக்கடி வந்தது இக்னிஷன். டிராபன்டில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. சிலிண்டருக்கு ஒரு பாயின்ட், ஒரு காயில் என்று இரண்டு இரண்டாக இருக்கும். இரண்டு பாயின்ட்டின் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் விட்டு 0.4 மில்லிமீட்டருக்கு வைக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே டைமிங் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று சற்று நகரும். மறுபடி முதலாவதுக்கு வர வேண்டும். பாயின்ட் திறக்கும் கணத்தைப் பிடிக்க ஒரு சின்ன பல்பைக் குறுக்கே இணைத்து, கிராங்க் ஷாஃப்டைக் கையால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார்கள். பழகியவருக்குச் சில நிமிட வேலை. பழகாதவருக்கு ஒரு காலை. இரண்டு சிலிண்டரும் ஒத்து வராத வண்டியை ஓட்டத்தின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 1980களில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்து இந்தத் தொல்லையைக் குறைத்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் 6 வோல்ட் மின்சாரம் 12 வோல்ட்டாகி, விளக்கும் வெளிச்சம் தரத் தொடங்கியது.

துரு இன்னொரு நீண்ட அத்தியாயம். டூரோபிளாஸ்ட் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் அது மேல்தோல் மட்டுமே. உள்ளே எலும்புக்கூடு முழுக்க இரும்பு, அதில்தான் கதவும் சக்கரமும் தொங்குகின்றன. வெளியே பளபளவென்று நிற்கும் வண்டியின் கதவுக்கு அடியில் ஓடும் சட்டம் விரல் பட்டால் உதிரும் நிலையில் இருக்கலாம். பழைய டிராபன்ட் வாங்கப் போகிறவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது பெயின்ட்டை அல்ல. தரையில் படுத்து, கீழ்ச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பார்க்கிறார்கள். டூரோபிளாஸ்ட்டில் டிங்கரிங்கும் செல்லாது. இடித்தால் நெளியாது, விரிசல் விடும். சிறு விரிசலைக் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து உள்பக்கமாக ஒட்டி, மேலே பட்டி பார்த்துத் தேய்ப்பார்கள். பெரிதாக உடைந்தால் அந்தப் பலகையை எடுத்துவிட்டு வேறொன்று பொருத்த வேண்டியதுதான்.

வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தால் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்ததாகச் சொல்லும் கதை எல்லா டிராபன்ட் குடும்பத்திலும் உண்டு. எத்தனை பேர் உண்மையில் செய்தார்கள் என்பது வேறு. பெல்ட் இல்லாமல் காற்று வராது, காற்று வராமல் எஞ்சின் தாங்காது என்பதை அந்தக் கதை ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்லிக்கொடுத்தது. அந்த அளவில் அது நல்ல பாடம்.

1989 இலையுதிர் காலத்தில் ஹங்கேரி வழியாகவும் பிராக் நகர மேற்கு ஜெர்மனித் தூதரகம் வழியாகவும் ஆயிரக்கணக்கான கிழக்கு ஜெர்மானியர்கள் மேற்குக்கு வெளியேறினார்கள். பிராக்கில் தூதரகத்தைச் சுற்றிய தெருக்களில் அவர்கள் விட்டுச்சென்ற டிராபன்ட்கள் நின்றன. செக் சிற்பி டேவிட் செர்னி 1990இல் நான்கு கால் முளைத்த டிராபன்ட் ஒன்றைச் சிற்பமாக்கினார். நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தபோது உலகம் பார்த்த படங்களில் எல்லாம் இந்தக் கார்தான். ஆனால் 1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மன் மார்க் கிழக்கிலும் செல்லத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. அந்தப் பணத்துக்கு மேற்கின் பழைய ஓப்பலும் ஃபோக்ஸ்வாகனும் கிடைத்தன. பத்தாண்டு காத்திருந்து வாங்கிய வண்டியைத் தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் எடுத்துக்கொள்ள ஆள் கிடைத்தாலே போதும் என்று சும்மா கொடுத்தார்கள். டூரோபிளாஸ்ட்டை உருக்க முடியாது, எரித்தால் நச்சுப்புகை; குவிந்த உடல்களை என்ன செய்வது என்பதே சிக்கலானது. பன்றிகள் அதைத் தின்றுவிடும் என்ற நகைச்சுவையும் பரவியது. எமிர் குஸ்துரிகா 1998இல் எடுத்த படத்தில் ஒரு பன்றி டிராபன்டைக் கடித்துத் தின்றுகொண்டே இருக்கும்.

கைவிடப்பட்ட அந்தக் குவியல்தான் பின்வந்தவர்களுக்குக் கிடங்கானது. 1990களின் தொடக்கத்திலேயே வண்டியை விடாதவர்கள் கிளப்களாகச் சேர்ந்தார்கள். பல கிளப்கள் பழைய கராஜ் வரிசைகளிலிருந்தே முளைத்தன. வேலை தெரிந்தவர்களும் கருவியும் சேர்த்துவைத்த ஸ்பேரும் அங்கேதானே இருந்தன. ட்ஸ்விக்காவிலும் வடக்கே ஆங்க்லாமிலும் கூடும் டிராபன்ட் சந்திப்புகளுக்கு ஹங்கேரி, செக், போலந்து நாடுகளிலிருந்தும் வண்டிகள் வந்தன. அந்நாடுகளுக்கும் டிராபன்ட் ஏற்றுமதியானதால் ஸ்பேரும் மெக்கானிக்குகளும் அங்கும் உண்டு. சந்திப்புத் திடலின் ஒரு ஓரத்தில் தரையில் துணி விரித்துக் கார்புரேட்டர், பாயின்ட், விளக்குக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று பரப்பி வைத்திருப்பார்கள். பேரம் நடக்கும், மாற்றிக்கொள்வதும் நடக்கும். பழைய பாகங்கள் குறையக் குறைய, ரப்பர், சைலன்ஸர், அடிச்சட்டத் தகடு போன்றவற்றைப் புதிதாகச் செய்து விற்கும் சிறு தொழில்களும் வந்தன.

சட்டமும் துணை நின்றது. 30 ஆண்டு கடந்து, மூல வடிவம் கெடாமல் நல்ல நிலையில் இருக்கும் கார்களுக்கு ஜெர்மனி 1997இல் தனி நம்பர் பிளேட் கொண்டுவந்தது. எண்ணின் முடிவில் ஹெச் எழுத்து இருக்கும். பெரிய நகரங்களில் புகைக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் வந்தபோது இந்த எழுத்துள்ள வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. நீலப்புகை விடும் டூ ஸ்ட்ரோக் வண்டி நகரத்துக்குள் நுழைய அதுவே அனுமதிச்சீட்டு. 1990களின் தொடக்கத்தில் 9 லட்சத்துக்கும் மேலாக இருந்த பதிவு எண்ணிக்கை பல ஆண்டுகள் சரிந்துகொண்டே வந்து, 2010களில் நின்று, மெல்ல ஏறவும் தொடங்கியது. இப்போது சாலையில் பதிவோடு இருப்பவை 40 ஆயிரம் அளவில். ஓட்டுபவர்களில் ஒரு பகுதியினர் சுவர் விழுந்தபின் பிறந்தவர்கள். தாத்தாவின் வண்டியோடு தாத்தாவின் ஃபீலர் கேஜும் கைமாறியிருக்கிறது. கலந்த பெட்ரோல் விற்கும் நிலையம் இன்று அரிது. டிக்கியில் ஆயில் டப்பாவும் அளவுக் குவளையும் வைத்துக்கொண்டு அவர்களே கலந்துகொள்கிறார்கள்.

கராஜ் வரிசைகளின் நிலை அவ்வளவு உறுதியாக இல்லை. நிலம் ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு என்ற கிழக்கு ஜெர்மன் ஏற்பாடு ஒன்றுபட்ட ஜெர்மனியின் சட்டத்துக்குப் பொருந்தவில்லை. காலப்போக்கில் கட்டடமும் நில உரிமையாளருக்குப் போனது. பல வரிசைகள் இடிபட்டு வீடுகளாயின. மிஞ்சியவற்றுக்கு மதிப்பு வந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. டிராபன்ட் எஞ்சின்கள் தயாரான கார்ல் மார்க்ஸ் ஷ்டாட், இப்போது கெம்னிட்ஸ் என்ற பழைய பெயரோடு, 2025க்கான ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரங்களில் ஒன்றானது. அதன் முக்கிய நிகழ்வுகளில் ஒன்றுக்கு '3000 கராஜ்கள்' என்று பெயர். கராஜ்காரர்களின் கதைகளும் அவர்கள் சேர்த்துவைத்த பொருள்களும் அதில் காட்சிக்கு வந்தன.

டிராபன்டின் கடைசி மாதிரி 1.1. ஃபோக்ஸ்வாகன் போலோவின் நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை உரிமம் பெற்று உள்நாட்டிலேயே செய்து பொருத்தினார்கள். டேங்க் பின்னால் போனது, முன் அச்சும் மாறியது, புகை நின்றது. 1990இல் வந்த அந்த வண்டி, 40 ஆயிரத்தை எட்டாமலே, 1991 ஏப்ரல் 30இல் ஆலையோடு முடிந்தது. இன்று கிளப்காரர்கள் பேணச் சிரமப்படுவது இந்த மாதிரியைத்தான். எஞ்சினுக்கு வேண்டியது ஃபோக்ஸ்வாகன் கடைகளில் கிடைத்துவிடும். அச்சு, டேங்க், கிரில் போன்ற 1.1க்கே உரியவை அரிது. 601இன் பாகங்களோ இருபத்தைந்து ஆண்டு உற்பத்தியின் மிச்சமாக இன்னும் கராஜ் அலமாரிகளிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன.